இரண்டு நாளில் எடுத்த ஒரு போட்டோ

எங்கள் வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் படம் எடுத்துத் தள்ளுகிற இந்தக் காலத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அதை எடுத்து முடிக்கப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஆரம்பித்து வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு முடிந்தது. நடுவில் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம், எழுந்து கஞ்சி குடித்தோம், என் தம்பி இரண்டு முறை அடி வாங்கினான். எடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இன்றைக்கு அந்த மனிதரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. அன்றைக்கோ, நன்றாக வந்திருக்க வேண்டிய போட்டோவைக் கெடுத்துவிட்டார் என்று அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தூரில் மிஷன் கோயிலுக்குப் பின்தெருவில் வாடகை வீட்டில் இருந்தோம். ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்கிற எல்லைத் தகராறு மட்டும் தீர்ந்தபாடில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ரெவின்யூ ஆபீசில் குமாஸ்தா. எல்லையோரத்துக் கிராமங்களுக்குப் போய், எந்த வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று வீடு வீடாக எழுதிவருகிற வேலை அவர் தலையில் விழுந்திருந்தது. ஒரு விவசாயி, வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, மாட்டை அதட்டும்போது இரண்டும் என்று சொன்னாராம். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் நைனா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தார். நியாயமாகப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு ஜெபம் தமிழில், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு தெலுங்கில். இரண்டையும் நான் ஒரே வேகத்தில்தான் ஒப்பிப்பேன்.

மாமா திருப்பதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். மலையில் மொட்டையடித்துக்கொண்டு இறங்கிவருகிற யாத்ரீகர்களை, ஏழு மலையும் கோபுரமும் வரைந்த திரைக்கு முன்னால் நிற்கவைத்து எடுக்கிற ஸ்டூடியோ அது. வாத்தியார் பயிற்சிக்குப் போய், அதைப் பாதியில் விட்டுவிட்டு இதில் சேர்ந்திருந்தார். மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பத்துப் பையன் நாள் முழுக்கப் பெருமாள் திரையைச் சுருட்டி விரித்துக்கொண்டிருக்கிறானே என்று சபையில் சிலருக்கு விசாரம். நைனாவுக்கு அந்த விசாரம் இல்லை, வேறு விசாரம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கிறவன் எங்கே உருப்படப் போகிறான் என்பார்.

வெளிச்சம் போதாத நாட்களில் காமிராவின் முகத்தை மூடியிருக்கிற மூடியைக் கழற்றி, எண்ணிக்கொண்டு நின்று, திரும்ப மூட வேண்டும். எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று பார்க்க முதலாளியிடம் கடிகாரம் இருந்தது. மாமாவிடம் இல்லை. அவர் மனசுக்குள் பரமண்டல ஜெபம் சொல்லுவார். மேகமூட்டமான நாளென்றால் அரை ஜெபம், மழை நாளென்றால் முழு ஜெபம், இதுதான் அவர் கணக்கு. நெற்றி நிறைய நாமம் போட்ட எத்தனையோ குடும்பங்கள், இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்தின் அளவுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அது அவர்களுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. ஸ்டூடியோவைச் சாத்திய பிறகு, இருட்டு அறையில் காமிராவைத் திறந்து வைத்துவிட்டு, டார்ச் லைட்டின் முகத்தில் சின்ன ஓட்டை போட்ட அட்டையைக் கட்டிக்கொண்டு காற்றில் படம் வரைவார். டார்ச் போன வழியெல்லாம் வெள்ளைக் கோடாகப் பதிந்துவிடும். அப்படி வரைந்த மீன் ஒன்றையும் சேவல் ஒன்றையும் எங்களிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். கறுப்பில் வெளிச்சத்தாலேயே ஆன சேவல், கொண்டையும் வாலுமாக. வரைந்த ஆள் எங்கே என்று தேடினேன். ஆளைக் காணோம், கையையும் காணோம்.

"இருட்டு எழுதாத சிலேட்டு மாதிரி கண்ணு. வெளிச்சம் எங்க பட்டுதோ அதுதான் உள்ள ஒட்டும். ஒருவாட்டி ஒட்டினது அப்பால போவாது," என்றார் மாமா.

நைனா சேவலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருட்டைப் பிடிக்க ஒரு பெட்டியா என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் அம்மாவுக்கு இருமல் வந்தது. மழைக்கு வந்த இருமல் வெயில் வந்தும் போகவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். அன்றையிலிருந்து அம்மாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். டாக்டர் சொன்னதைவிட ஒரு பங்கு அதிகமாகவே அம்மா விலகிக்கொண்டாள். எனக்குத் தலை பின்னிவிடுவது பக்கத்து வீட்டு அக்காவின் வேலை ஆயிற்று. தம்பி மறந்துபோய் ஓடினால், கையை நீட்டித் தடுத்து, "அங்கியே நில்லு" என்பாள். நைனாவுக்கும் அதே சட்டம்தான். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அன்றைய கிராமத்துக் கதைகளைச் சொல்லுவார், அம்மா உள்ளே பாயில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஆறு மாதம் இப்படித்தான் போனது.

மதனப்பள்ளிப் பக்கத்துச் சானடோரியத்தில் படுக்கை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். நைனா அப்போது பாலசமுத்திரம் பக்கம் முகாமில் இருந்தார். அவருக்குத் தந்தி போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகப் பதில் வந்தது. அம்மா என்னை உட்காரவைத்து மாமாவுக்கு ஒரு கடிதம் சொன்னாள். நான் எழுதினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதியதால் ஒரு வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நானும் அவரும் சேந்தாப்ல ஒரு போட்டோகூட இல்ல தம்பி. புள்ளைங்களுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

அது உண்மைதான். கங்காதர நெல்லூரில் அவர்கள் கல்யாணம் நடந்த அன்று அப்படி ஒரு மழை. சொல்லிவைத்திருந்த போட்டோக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாராம். அம்மா ஏன் இப்போது திடீரென்று போட்டோ கேட்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. நான் இருக்கிற போட்டோ ஒன்று வரப்போகிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

மாமா புதன்கிழமை வந்து இறங்கினார். முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கிய பழைய காமிரா, அதற்கு மூன்று கால் ஸ்டாண்டு, கறுப்புத் துணி, மருந்துப் புட்டிகள். படம் பதிகிற கண்ணாடித் தகடு, பிளேட் என்பார்கள், அது இரண்டே இரண்டு. ஒன்று அம்மாவும் நாங்களும் மட்டும், அம்மா கையோடு எடுத்துப் போக. இன்னொன்று நைனா வந்த பிறகு எல்லாரும் சேர்ந்து. எங்கள் வீடு பட்டப்பகலிலேயே விளக்கு கேட்கிற வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார அம்மா ஒப்பவில்லை. அவளுக்கு என்ன நோய் என்பது தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில், முன்னறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, டார்ச் வெளிச்சத்திலேயே எடுத்துவிடுவது என்று மாமா முடிவு செய்தார். இருட்டில் காமிராவைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு முகத்தின்மேலும் டார்ச்சைப் பிடித்து, சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக வெளிச்சத்தைத் தடவ வேண்டும். ஒரு முகத்துக்கு ஒரு பரமண்டல ஜெபம்.

மாமா கையில் டார்ச், மனசு முழுக்க வெளிச்சம். ஜெபத்தை நீயே சத்தமாகச் சொல்லு, நிதானமாகச் சொல்லு என்று என்னிடம் விட்டுவிட்டார். ஸ்டூடியோ பழக்கத்தில், "கதலகண்டி" என்று தெலுங்கில் ஒரு அதட்டல் போட்டார், அசையாதீர்கள் என்று அர்த்தம். நான் ஆரம்பித்தேன். அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவது ஆமென் சொன்னதும் மூடியைப் போட்டார். ஒருத்தரும் இமைகூட அசைக்கவில்லை என்று அவருக்கு ஏகப்பட்ட திருப்தி.

லாந்தருக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, சமையலறையில் பிளேட்டைக் கழுவினார். கழுவி முடித்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிளேட்டில் நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கை கூப்பி உட்கார்ந்திருந்தோம். தம்பிக்குத் தொட்டில் பழக்கம். ஜெபம் என்று காதில் விழுந்தால் தூக்கத்திலும் கை கூப்புவான். எனக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான். இதைவிடப் பெரிய கூத்து, டார்ச்சைப் பிடித்திருந்த மாமாவே கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இல்லாவிட்டால் அப்போதே பார்த்திருப்பாரே. திருப்பதியில் மனசுக்குள் சொன்னபோது வராத வினை, எங்கள் வீட்டில் சத்தமாகச் சொன்னதும் வந்துவிட்டது.

அம்மா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலிலும் சிரிப்பு வந்தது. "போவட்டும் உடு தம்பி. நாம யாரக் கூப்ட்டமோ அவரு பாத்துருப்பாரு," என்றாள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மீதி ஒரே ஒரு பிளேட்.

மறுநாள் மத்தியானத்திலிருந்தே அம்மா தயாராக இருந்தாள். கல்யாணப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது அவள் உடம்பில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. கோயிலிலிருந்து இரவல் வாங்கிவந்த இரண்டு கைவைத்த நாற்காலிகளை முன்னறையில் போட்டிருந்தோம். பஸ் வரும் நேரத்துக்கு மாமா ஸ்டாண்டுக்குப் போனார். பஸ் வந்தது, நைனா வரவில்லை. அதற்கு அடுத்ததும் வந்தது. அதிலும் வரவில்லை. அன்றைக்கு அதுதான் கடைசி.

ஏழு மணி சுமாருக்கு அம்மா, "அவரு வரமாட்டாரு. எங்க மூணு பேரையும் எடுத்துடு," என்றாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடிந்தால் அவளுக்குப் பலமனேர் வழியாகப் போகிற முதல் பஸ். மாமா காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு கறுப்புத் துணியை எடுத்து அந்த நாற்காலியின்மேல் விரித்து, அதை அம்மாவின் நாற்காலியோடு ஒட்ட நகர்த்திப் போட்டார்.

இன்னொரு சமயமாக இருந்தால் அம்மா அவ்வளவு பக்கத்தில் யாரையும் உட்கார விட்டிருக்கமாட்டாள். காலி நாற்காலிதானே என்று விட்டுவிட்டாள். காலி நாற்காலிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் நான், கீழே பலகையில் தம்பி. அம்மா தன் கையை, காலி நாற்காலி இருந்த பக்கத்துக் கைப்பிடிமேல் வைத்துக்கொண்டாள். மாமா எங்களுக்கு விஷயத்தைச் சொன்னார். இன்றைக்கு எங்கள் மூன்று பேர்மேல் மட்டும் வெளிச்சம். நாற்காலி இருட்டாகவே இருக்கும். இருட்டு எழுதாத இடம். பிறகு மூடியைப் போட்டுவிட்டு, காமிராவை ஒரு மயிரிழை அசைக்காமல் விட்டுவிட்டால், நைனா எப்போது வந்தாலும் அந்த இடத்தில் அவரை எழுதிக்கொள்ளலாம்.

"நான் போயிட்ட அப்பால வந்தா?" என்று அம்மா கேட்டாள்.

"நீ போனா இன்னா? பிளேட்ல நீ எங்கியும் போவமாட்டக்கா," என்றார் மாமா.

ஜெபம் இனிமேல் வேண்டாம் என்று ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்ததில் ஜெபத்துக்குச் சமமான நீளம் உள்ளது தெலுங்கு வாய்ப்பாடுதான். "ரெண்டு ஒகட்ல ரெண்டு, ரெண்டு ரெள்ள நாலுகு" என்று இரண்டாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். வாய்ப்பாட்டுக்குக் கண்ணை மூடுகிறவர் யாரும் கிடையாது, பயத்தில் விரியத்தான் விரியும். அம்மாவின் முகத்துக்கு ஒரு வாய்ப்பாடு, கைக்குப் பாதி. தம்பிக்கு வாயில் வெல்லம் வைத்து ஒரு வாய்ப்பாடு. எனக்கு ஒன்று. அதன் பிறகு மாமா எனக்கு ஒரு பரிசு தந்தார். ஓட்டை அட்டை கட்டிய டார்ச்சைக் கையில் கொடுத்து, எங்கள் தலைக்கு மேலே காற்றில் ஒரு நட்சத்திரம் போடச் சொன்னார். நான் எழுந்து, இருட்டில் அம்மாவுக்குப் பின்னால் போய், கையை எட்டின மட்டும் தூக்கி, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளும் நானே, நட்சத்திரம் போடுகிறவளும் நானே. அந்தப் போட்டோ எடுக்கப்படுவதே என் நட்சத்திரத்துக்காகத்தான் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது.

மாமா மூடியைப் போட்டார். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றியும் நாற்காலிக் கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்டார். முன்னறையைச் சாத்தினார்.

விடியற்காலையில் அம்மா கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் புறப்பட்டாள். முன்னறையில் கால் வைக்கக்கூடாதே. அவளோடு போக மாமா சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். சபையில் வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற அம்மாள் ஒருவர் துணைக்கு வந்திருந்தார். "நீ வராத. அவரு வர்ற வரிக்கும் அதப் பாத்துக்கினு இரு," என்று அம்மா தன் தம்பியிடம் சொன்னாள். எங்களைத் தொடவில்லை. தொடாமலே தலைக்கு மேலே கையைக் காட்டி ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்குக் காவல் வேலை. குருவி தலையில் பனங்காய் வைத்த மாதிரி, முன்னறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். பிளேட்டில் அம்மா எங்கும் போகமாட்டாள் என்று மாமா சொன்னதைத் தம்பி கேட்டிருந்தான். அவனுக்கு நாலு வயது. அம்மா உள்ளேதான் இருக்கிறாள், நான்தான் அவனை விடமாட்டேன் என்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். கதவை உதைத்தான். ஓர் அடி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் காலுக்கு அடியில் புகுந்து போகப் பார்த்தான். இன்னொன்று வைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதோம். அவன் அடிக்காக அழுதான். நான் எதற்காக அழுதேன் என்று தெரியாது.

மத்தியானம் நைனா வந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண். கடைசிக் கிராமத்துப் பட்டியலில் கையெழுத்து ஆகாமல் விடமாட்டேன் என்று மேலதிகாரி பிடித்து வைத்துக்கொண்டதில் பஸ் போய்விட்டது. பாலசமுத்திரத்திலிருந்து மாட்டு வண்டி பிடித்துக் கங்காதர நெல்லூர் வரைக்கும் வந்து, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். வீட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே என்று கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டே இருந்தார். மண் போன பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

மாமா பக்கத்தில் போய், போட்டோவுக்கு உட்கார வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உன் விளையாட்டுக்கு இதுவா நேரம், அவளே போய்விட்டாள், இனி எனக்கு எதற்குப் போட்டோ என்று சத்தம் போட்டார். மாமாவை அவர் எத்தனையோ முறை பரிகாசம் செய்திருக்கிறார், இப்படிச் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். மாமா தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டார். எல்லாம் ஓய்ந்த பிறகு சொன்னார்:

"அக்கா உள்ளதான் உக்காந்துக்கினு கீது. நீங்க போயி பக்கத்துல உக்காருங்க."

நைனா அவரையே பார்த்தார். பிறகு மேல்சட்டையை மாற்றிக்கொண்டு முன்னறைக்குள் வந்தார்.

நேற்று அம்மாவை எடுத்த விதத்தைச் சொல்லிக்கொண்டே மாமா கறுப்புத் துணியை நைனாவின் நாற்காலியிலிருந்து எடுத்து அம்மாவின் நாற்காலிமேல் விரித்தார். வெளிச்சம் சிந்தினால் அம்மாமேல் நாற்காலி ஏறிவிடுமாம். நானும் தம்பியும் சுவரோரமாக நிறுத்தப்பட்டோம், எங்களுடைய முறை நேற்றே முடிந்துவிட்டதே. கதவைச் சாத்தியதும் நடு மத்தியானம் இருட்டாகிவிட்டது. மாமா மூடியைக் கழற்றப் போனபோது நைனா கேட்டார்.

"அவ கை எங்க இருந்துச்சு?"

மாமா டார்ச்சை ஒரு முறை அடித்து, துணி மூடியிருந்த கைப்பிடியைக் காட்டினார். பிறகு மூடியைக் கழற்றினார். நான் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். நைனாவின் முகத்தின்மேல் வெளிச்சம் ஏறி இறங்கியது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் பார்த்தேன், நைனா தன் கையைத் தூக்கி, அந்தக் கைப்பிடிமேல், அம்மாவின் கை இருந்த அதே இடத்தில் வைத்திருந்தார். அந்த இடம் ஏற்கனவே எழுதின இடம். ஒன்றின்மேல் ஒன்று எழுதினால் சிலேட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? என் நட்சத்திரம் இருக்கிற போட்டோ கெட்டுப்போகப் போகிறது.

வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு, "நைனா, கைய எடு. அங்க அம்மா கை கீது," என்றேன்.

நைனா எடுக்கவில்லை. "தெரியும் கண்ணு, நீ கணக்கச் சொல்லு," என்றது மாமாவின் குரல். சொன்னதோடு விடவில்லை. டார்ச்சை முகத்திலிருந்து மெல்ல இறக்கி, அந்தக் கையின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கைக்கு மட்டும் முழு வாய்ப்பாடு ஒன்று சொல்லவைத்தார். நைனாவின் முகம் அப்போது இருட்டில் இருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மழையில்லாத காலத்திலும் நைனாவுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிண்ட் அடுத்த வாரம் திருப்பதியிலிருந்து வந்தது. என் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது, ஒரு கால் மட்டும் கொஞ்சம் கோணல். தம்பி வெல்லத்தைச் சப்பியதில் அவனுக்கு இரண்டு வாய். அம்மாவும் நைனாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாராவது பார்த்தால் ஒரே நேரத்தில் உட்கார்ந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் நான் பயந்தது பயந்தபடியே ஆகியிருந்தது. கைப்பிடிமேல் இரண்டு கையும் ஒன்றுக்குள் ஒன்று போய், அம்மாவின் வளையல் நைனாவின் விரலுக்குள்ளே தெரிந்தது. எது யாருடைய விரல் என்று பிரிக்க முடியவில்லை. கெட்டுப்போன போட்டோவைப் பார்த்துக் குறை சொல்ல வேண்டிய நைனாவோ, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சானடோரியத்துக்குப் போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த முறை மாமா வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் வாங்கிவந்த லட்டைத் தின்றேன், அவ்வளவுதான். அந்த முறையிலிருந்து நைனா மட்டும் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். உருப்படாதவன் என்ற வார்த்தையை மறுபடி அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

மாமா கடைசி வரைக்கும் பெரிய போட்டோக்காரர் ஆகவில்லை. அந்த மீனையும் சேவலையும் காசு கொடுத்து வாங்கவும் ஆள் வரவில்லை. ஊசி மருந்தும் டாக்டர்களும் என் அம்மாவின் உயிரைக் காப்பாற்றினார்கள், அவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனால் சானடோரியத்தில் இருந்த ஒன்றரை வருஷம் அவள் யார் பக்கத்தில் இருந்தாள் என்று கேட்டால், மாமா உட்காரவைத்த இடத்தில்தான் இருந்தாள். அவர் இருந்தபோதே இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்துகொள்வதற்கு எனக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.

அம்மா குணமாகித் திரும்பி வந்தாள். எல்லைத் தகராறும் ஒருவழியாகத் தீர்ந்து நைனா வீட்டோடு இருந்த சமயம் அது. அம்மாவின் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைக்கும்போது போட்டோ கிடைத்தது. என் நட்சத்திரம் அப்படியே இருந்தது. தம்பியின் இரண்டு வாயும் இருந்தன. அந்தக் கைகள் இருந்த இடம் மட்டும் மங்கி, பளபளப்புப் போய், விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெளுத்திருந்தது. பாவம் அம்மா, கெட்டுப்போன இடத்தைத் துடைத்து எடுக்க அங்கே எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள் என்று எனக்கு மனசு கஷ்டப்பட்டது. பாவாடை நுனியை எச்சிலில் நனைத்து, மிச்சம் இருந்ததையும் அழித்துக் கொடுக்கலாம் என்று அழுத்தித் தேய்க்கப் போனேன். அம்மா ஓடிவந்து போட்டோவைப் பிடுங்கிக்கொண்டாள். ஒன்றரை வருஷம் கழித்து வந்தவள், வந்த அன்றைக்கே என்னை அடிக்கக் கை ஓங்கி, ஓங்கின கையாலேயே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நல்லதுதானே செய்யப் போனேன், இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.